எங்கள் அப்பீல் யார் மேஜையில்?

டிசபிலிட்டி பென்ஷன் முறையீடுகளின் நிலையை இணையத்தில் அறிவது பற்றி முன்னாள் படைவீரர்கள் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுவோர்: பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறை, முப்படைத் தலைமையகங்களின் ஓய்வூதியப் பிரிவுகள், பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குகள் (ஓய்வூதியம்) முதன்மைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை.

அனுப்புவோர்: வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களின் முன்னாள் படைவீரர்கள், அவர்களுடைய மனைவியர், கணவரை இழந்த பெண்கள்.



பட்டாளத்தில் இருந்தவரை எங்களுக்கு ஒரே ஒரு நம்பர். சம்பளம், லீவு, ரயில் வாரண்ட், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் நம்பர், ரேங்க், பெயர் என்று வரிசையாக ஒப்பிப்போம். பேரன் பிறந்த நாளை மறந்துபோகிறவருக்கும் அது மறக்காது. ஊருக்கு வந்து, டிசபிலிட்டி பென்ஷனுக்காக அப்பீல் போட்டவருடைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பென்ஷன் வழங்கும் ஆணையான பி.பி.ஓ.வின் நம்பர், பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்துக்குள் நுழையும் எண், ரெக்கார்டு ஆபீஸின் கடித எண், அப்பீல் அனுப்பிய தபால் ரசீது எண், மத்திய அரசின் குறைதீர்க்கும் தளமான சி.பி.கிராம்ஸ் தந்த பதிவு எண், தகவல் உரிமை மனு எண், ஆயுதப்படைத் தீர்ப்பாயம்வரை போயிருந்தால் ஓ.ஏ. என்கிற வழக்கு நம்பர். மொத்தம் ஏழு. ஏழையும் மாற்றி மாற்றித் தட்டினாலும் எங்களுக்குக் கிடைத்துவரும் விடை ஒன்றுதான்: ‘அண்டர் பிராசஸ்’.

எங்களில் ஒருவர் பீரங்கிப் படையில் 17 வருஷம் கன்னுக்குப் பக்கத்தில் நின்றவர். இரண்டு காதும் மந்தம். அந்தக் காதுக்காகத்தான் அவருடைய அப்பீல். மாதம் ஒருமுறை பஸ் ஏறி டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவார். அங்கே இருக்கிற பெண் பார்த்துவிட்டு, “தாத்தா, அண்டர் பிராசஸ்னு வருது” என்பாள். அவருக்கு விழாது. “என்னம்மா?” என்பார். அவள் எழுந்து நின்று கத்துவாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், பட்டா பார்க்க வந்தவர், மார்க் ஷீட்டுக்காக நிற்கிற பையன் எல்லோருக்கும் அவருடைய கேஸ் நிலவரம் தெரிந்துவிடும். “எனக்குக் காது கேக்கலைங்கிறதுக்கு இந்தப் பொண்ணே சாட்சி, இவளை மெடிக்கல் போர்டுல உட்கார வைக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டு வருவார். அடுத்த மாதமும் போவார்.

இந்தச் சாசனத்தில் பென்ஷன் தொகையைக் கூட்டச் சொல்லி ஒரு வரியும் இல்லை. எங்கள் முறையீடு எந்த ஆபீஸில், எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறோம். இத்தனை சின்ன விஷயத்துக்கு ஏன் சாசனம் என்று கேட்கக்கூடும். அது எங்களுக்கு ஏன் சின்னதாக இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

படையைவிட்டு வெளியேறும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு உட்காரும். உடல்நிலை காரணமாக இடையிலேயே அனுப்பப்படுபவருக்கு இன்வாலிடிங் போர்டு. போர்டு இரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். ஊனம் எத்தனை சதவீதம்? அது படைப்பணியால் வந்ததா, அல்லது பணியால் அதிகமானதா? சதவீதம் 20-க்குக் குறையக் கூடாது. இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று வர வேண்டும். ‘இல்லை’ என்றால் கோப்பில் நான்கு ஆங்கில எழுத்து விழும்: என், ஏ, என், ஏ. பணியால் வந்ததுமில்லை, பணியால் கூடியதுமில்லை என்பது அதன் பொருள். சேர்த்து வாசித்தால் ‘நானா’. தமிழ்ச் சிப்பாய் காதில் அது கேள்வியாகவே விழுகிறது. முதுகெலும்பு வட்டை நகர்த்திக்கொண்டது நானா? பனிமலைப் போஸ்டில் ரத்தக் கொதிப்பை வரவழைத்துக்கொண்டது நானா?

அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிக்னல்ஸ் படைச் சிப்பாய் தரம்வீர் சிங்கின் வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சேரும்போது மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் எழுதப்படவில்லையென்றால் அவன் நல்ல உடல்நிலையில் சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று காட்டும் சுமை அரசுடையது. 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் இதுவே உறுதியானது. ஆகவே ‘நானா’ என்று எழுதப்பட்ட பலருக்கு அப்பீல் வெறும் சடங்கு கிடையாது; ஜெயிக்கக் கூடிய வழக்கு.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 100 சதவீத ஊனத்துக்கு ஊனக் கூறு என்பது கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம். சதவீதம் குறையக் குறைய அதுவும் குறையும். 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை 1996 ஜனவரியிலிருந்து நடைமுறை. முழுக்காலம் பணிசெய்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் தீர்ப்பானது. 40,000 ரூபாய் சம்பளக் கணக்கில் வெளியே வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 சதவீத ஊனம் ஒப்புக்கொள்ளப்பட்டு 50 ஆக உயர்ந்தால் மாதம் 6,000 ரூபாய், மேலே அகவிலை நிவாரணம். செக்யூரிட்டி வேலைக்கு இரவு ஷிப்டு போகிற 58 வயதுக்காரர் அந்த வேலையை விடலாமா வேண்டாமா என்பதை முடிவுசெய்கிற தொகை அது.

இப்போது கோப்பு போகிற வழி. மறுப்புக் கடிதம், எங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸிலிருந்து வரும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பான எம்.ஈ.ஜி. தம்பிகளுக்குப் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கல் பிரிவான ஈ.எம்.ஈ. செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ, டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோரான டி.எஸ்.சி. கண்ணூர். ஒரே தெருவில் குடியிருக்கும் ஐந்து பேர் ஐந்து மாநிலத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில், ஊர்த் தபால்காரர் இந்தியாவின் பாதி கண்டோன்மெண்ட் முகவரிகளை மனப்பாடமாகச் சொல்வார். மறுப்பு வந்த 6 மாதத்துக்குள் முதல் அப்பீல். அதை முதல் முறையீட்டுக் குழு பார்க்கும். அதுவும் தோற்றால் 6 மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல், வேறொரு குழு. அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அமர்வு. எங்கேயாவது ஜெயித்தால், காசு வருவதற்குக் கோப்பு பிரயாக்ராஜ் போய்ப் புது பி.பி.ஓ. ஆக வேண்டும்.

வழி நீளம்தான். அதைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. எங்களைக் கடிக்கிற இடம் வேறு.

2007-ஆம் வருஷத்து ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21, 22 ஆகிய பிரிவுகளை வாசித்துப் பாருங்கள். துறைக்குள் முறையிட்டுப் பதில் வந்தால், அந்தத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயம் போக வேண்டும். முறையிட்டு 6 மாதம் பதிலே வரவில்லையென்றால், அந்த 6 மாதம் முடிந்ததிலிருந்து இன்னொரு 6 மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது கேட்டுப் பெறுகிற சலுகை. ரொம்பவும் தள்ளிப்போனால், பென்ஷன் உரிமை நிலைத்தாலும், நிலுவை வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய 3 வருஷத்துக்கு என்று சுருங்கிவிடக்கூடும். 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு அது.

இப்போது ‘அண்டர் பிராசஸ்’ என்ற அந்த இரண்டு சொல் திரையில் என்ன வேலை செய்கிறது என்று யோசியுங்கள். அதைப் பார்க்கிற சிப்பாய், பரிசீலனை நடக்கிறது, காத்திருப்போம் என்றுதான் நினைப்பான். மேலே இருந்து சொன்னால் நம்புவதற்குத்தானே அவனுக்கு 15 வருஷம், 20 வருஷம் பயிற்சி கொடுத்தீர்கள். அவன் நம்பி உட்கார்ந்திருக்கும்போது அவனுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபீஸின் கடிகாரத்தை எந்தத் திரையிலும் அவன் பார்த்ததில்லை. எங்கள் முழுச் சாசனமும் இந்த ஒரு கோணலிலிருந்துதான் பிறந்தது.

செய்ய முடியாததைக் கேட்கிறோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். எங்களில் நாலைந்து பேர் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர்கள். யூனிட்டுக்குள் ஒரு கடிதம் வந்தால் டாக் ரிஜிஸ்டரில் ஏறும். எந்தத் தேதி வந்தது, யாரிடம் போனது, எப்போது திரும்பியது என்று கோடு போட்டு எழுதுவோம். கையெழுத்து வாங்காமல் ஒரு காகிதத்தைப் பக்கத்து மேஜைக்குத் தள்ள மாட்டோம். இன்று அந்த ரிஜிஸ்டர் கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது. மின்கோப்பு யாருடைய கணக்கில் எத்தனை நாளாக நிற்கிறது என்று உள்ளே இருக்கிறவர்கள் பார்க்க முடியும். தகவல் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் உண்டாக்கத் தேவையில்லை. அந்த ரிஜிஸ்டரை எங்கள் பக்கமும் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

இனி, கோரிக்கைகள்.

முதலாவது, நம்பர். சர்வீஸ் நம்பரைத் தட்டினால் போதும் என்று ஆக்குங்கள். ரெக்கார்டு ஆபீஸ், முறையீட்டுக் குழுக்கள், ஸ்பர்ஷ், தீர்ப்பாயத்தின் வழக்கு எண் எல்லாம் அந்த ஒரு நம்பருக்குப் பின்னால் சங்கிலியாகக் கோக்கப்பட வேண்டும். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களை ஒரே ஸ்பர்ஷ் தளத்துக்குள் கொண்டுவர முடிந்த அரசுக்கு இது மலையைப் புரட்டும் வேலையாக இருக்காது. அப்பீல் நிலுவையில் உள்ளவருக்கு அந்தத் தளத்திலேயே தனிப் பக்கம் வேண்டும். முறையீடு காகிதத்தில் வந்தாலும், வந்த அன்றே அங்கே பதிவாக வேண்டும்.

இரண்டாவது, சொல். ‘அண்டர் பிராசஸ்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நடந்ததை எழுதுங்கள். ‘முதல் அப்பீல் ரெக்கார்டு ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது, தேதி இது.’ ‘மருத்துவ ஆவணம் கேட்டு இன்ன ராணுவ ஆஸ்பத்திரிக்கு எழுதப்பட்டது, தேதி இது.’ ‘ஆவணம் இன்னும் வரவில்லை, நினைவூட்டல் போனது.’ ‘மருத்துவ அதிகாரியின் கருத்துக்காகக் காத்திருக்கிறது.’ ‘குழு முன் வைக்கப்படும் மாதம் இது.’ இந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு வாசகங்களுக்குள் எல்லா அப்பீலும் அடங்கிவிடும். அதிகாரியின் பெயர் எங்களுக்கு வேண்டியதில்லை. பதவியும் பிரிவும் போதும். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கிற எண்ணம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் கோப்பு 7 மாதமாக ஓர் இடத்தில் நிற்கிறது என்றால் அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கத்தானே வேண்டும்.

ஸ்பீடு போஸ்டில் போட்ட உறை ஜோலார்பேட்டையைத் தாண்டியதா, நாக்பூரில் இறங்கியதா என்று தபால் துறை சொல்லிவிடுகிறது. ஜபல்பூர் ரெக்கார்டு ஆபீஸ் வாசலில் ஒப்படைக்கப்பட்டது என்பதுவரை கைப்பேசியில் வருகிறது. வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் அது காணாமல் போகிறது.

மூன்றாவது கோரிக்கை, எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. அப்பீல் பக்கத்தில் இரண்டு கடிகாரமும் தெரிய வேண்டும். ‘இந்த முறையீட்டின் மீது துறை முடிவெடுக்க வேண்டிய கடைசி நாள் இது. அதற்குள் முடிவு வராவிட்டால் நீங்கள் இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை தீர்ப்பாயத்தை அணுகலாம்.’ இப்படி இரண்டு வரி, அவரவர் தேதியோடு. சட்டத்தில் உள்ளதைத்தான் எழுதச் சொல்கிறோம். கரண்டு பில்லில்கூடக் கட்ட வேண்டிய கடைசித் தேதி அச்சடிக்கிறார்கள். அதோடு, அந்தப் பக்கத்தை முத்திரையும் தேதியும் போட்ட சான்றாக அச்செடுக்க வசதி வேண்டும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது, ‘இவர்கள் திரையில் இப்படிக் காட்டினார்கள், நம்பிக் காத்திருந்தேன்’ என்று காட்ட எங்களிடம் ஒரு காகிதம் இருக்க வேண்டும். துறை தன் திரையில் சொன்னதற்குத் துறை பொறுப்பேற்க வேண்டும். தளத்தில் உள்ள தகவல் சட்டப்படியானதல்ல என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பிக்கக் கூடாது.

நான்காவது, காகிதங்கள். மெடிக்கல் போர்டு நடவடிக்கைக் குறிப்பு, மறுப்பு ஆணை, அப்பீலில் மருத்துவ அதிகாரி எழுதிய கருத்து ஆகிய மூன்றும் அந்தப் பக்கத்திலேயே இறக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். எங்களைப் பற்றி எழுதியதை நாங்கள் படிக்க, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு 30 நாள் காத்திருக்க வைப்பது ஆபீஸுக்கும் வேலை, எங்களுக்கும் அலைச்சல். எந்த விதித் தொகுப்பின்படி முடிவெடுத்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். 1982 விதிகள், 2008 விதிகள், 2023 செப்டம்பர் 21 முதல் வந்த புது விதிகள் என்று மூன்று உண்டு. வெளியேறிய தேதியை வைத்துத்தான் எது பொருந்தும் என்பது முடிவாகும். பழைய ஆளுக்குப் புது விதியைக் காட்டி மறுத்தால், அது கண்ணில் பட்டால்தானே எதிர்த்து எழுத முடியும்.

‘முடிக்கப்பட்டது’ என்ற சொல்லைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். குறைதீர்க்கும் தளத்தில் புகார் போட்டோம். குறுஞ்செய்தி வந்தது, உங்கள் குறை முடிக்கப்பட்டது என்று. பேரனைக் கூப்பிட்டு வேகமாகத் திறந்து பார்த்தால், ‘சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டது’ என்று ஒரு வரி. இது எங்களில் பலருக்கு நடந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. புகாருக்குப் பதில் சொல்ல 2024 ஆகஸ்டிலிருந்து 21 நாள்தான் கெடு என்று மத்திய அரசு சுருக்கியது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். கெடு நெருங்க நெருங்க, பதில் சொல்வதைவிடப் பக்கத்தை மூடுவது சுலபமாகிவிட்டது என்பது நாங்கள் பட்டறிந்தது. அனுப்பிவைத்தது முடித்ததாகாது. அப்பீல் சம்பந்தமான புகாரில், அப்பீலின் உண்மை நிலை எழுதப்பட்டு மனுதாரருக்குப் போய்ச் சேரும்வரை ‘முடிக்கப்பட்டது’ என்று போடக் கூடாது. ஐந்தாவது கோரிக்கை இது.

ஆறாவது, தமிழ். நிலை வாசகங்களும் குறுஞ்செய்தியும் தமிழில் வர வேண்டும். மறுப்பு ஆணையோடு தமிழில் அரைப் பக்கச் சுருக்கம் வேண்டும். ஹிந்தி எங்களுக்குப் பேச வரும். பரேடு ஹிந்தி, லங்கர் ஹிந்தி. அலுவலக ஹிந்தியும் மருத்துவ ஆங்கிலமும் வேறு ஜாதி. வீட்டில் இந்தக் கடிதங்களைப் பாதுகாக்கிறவர் பெரும்பாலும் மனைவி என்பதையும் நினைவில் வையுங்கள்.

மனைவி என்றதும் ஏழாவது கோரிக்கை வந்துவிட்டது. மனநோய் என்று வெளியே அனுப்பப்பட்டவர்கள் எங்களிடையே உண்டு. அவர்களுடைய அப்பீலை நடத்துவது மனைவியோ தாயோதான். ஓ.டி.பி. யாருக்கு வருகிறது? மகனுடைய கைப்பேசிக்கு. மகன் எங்கே? திருப்பூரில் ஷிப்டில், அல்லது துபாயில். அவன் எழுந்து பார்த்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும். கடைசியில் நுழைவு எண்ணும் பாஸ்வேர்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டுப் பிரவுசிங் சென்டர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும். பென்ஷன் கணக்கைக் கொள்ளையடிக்க அதைவிட வசதி வேண்டாம். நிலையைப் பார்க்க மட்டும் அனுமதி, மாற்ற அனுமதி கிடையாது என்ற வகையில், வீரர் பெயர் கொடுக்கும் ஒருவருக்குத் தனி நுழைவு கொடுங்கள். ஆதாரை மட்டும் நம்பாதீர்கள். ரேகை தேய்ந்த கைகள் எங்களுடையவை. உயிர்வாழ் சான்றுக்கு முகம் காட்டும் முறை வந்திருக்கிறதே, அதை இதற்கும் கொண்டுவரலாம்.

அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே இறந்துபோனவர்கள் விஷயம் இன்னும் கொடுமை. கணவர் இறந்ததாகப் பதிவானதும் அவருடைய நுழைவு அடைபட்டு, அப்பீலும் கண்ணுக்குத் தெரியாமல் போனதாக ஒரு அம்மா சொன்னார். ஆள் போனால் கேஸும் போனது என்று அவருக்கு யாரோ சொல்ல, அவர் அதை நம்பி இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டார். போகாது. அவர் உயிரோடு இருந்த காலத்துக்கான நிலுவை குடும்பத்துக்குச் சேர வேண்டியது. மரணமே அந்த நோயால் வந்திருந்தால், நோய் பணியால் வந்ததென்று ஒப்புக்கொள்ளப்படுவதைப் பொறுத்து, சாதாரணக் குடும்ப பென்ஷனா, சிறப்புக் குடும்ப பென்ஷனா என்பதும் அடங்கியிருக்கிறது. ஆகவே இறப்புப் பதிவான அன்றே அப்பீல் பக்கம் துணைவியின் பெயருக்கு மாற வேண்டும். அவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும்: உங்கள் கணவர் போட்ட முறையீடு இன்ன இடத்தில் இருக்கிறது, நீங்கள் தொடரலாம் என்று. தந்தி மாதிரி சுருக்கமாக இருந்தால் போதும், ஆனால் வர வேண்டும்.

எட்டாவது, ஜெயித்த பிறகு. தீர்ப்பாய ஆணை கையில் கிடைத்த அன்று ஊரே லட்டு தின்னும். அதற்குப் பிறகுதான் நிஜமான காத்திருப்பு. துறை உச்ச நீதிமன்றம் போகிறதா? 2023-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டும் எதிர்க்கலாம் என்றிருக்கிறதே, அங்கே போகிறதா? அல்லது அமல்படுத்தப் போகிறதா? அமல் என்றால் அனுமதிக் கடிதம் வந்ததா, பிரயாக்ராஜுக்குப் போனதா, நிலுவை எந்தத் தேதியிலிருந்து, எத்தனை சதவீதத்துக்குப் போட்டிருக்கிறது? இவை ஒவ்வொன்றும் அதே பக்கத்தில் வர வேண்டும். காசு கணக்கில் ஏறி, கணக்குத் தாளும் கைக்கு வந்த பிறகே அந்தப் பக்கம் மூடப்பட வேண்டும். ஆணை வாங்கியும் அமல் கேட்டு மறுபடி தீர்ப்பாயப் படி ஏறுகிறவர்களை நீதிபதிகளே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அமெரிக்காவைக் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே முன்னாள் படைவீரர் முறையீட்டுச் சட்டத்தை 2017-இல் திருத்தி, 2019 பிப்ரவரி முதல் மூன்று பாதையாகப் பிரித்தார்கள். புது ஆதாரத்தோடு போவது ஒன்று, மூத்த அலுவலரிடம் மறுபரிசீலனை ஒன்று, முறையீட்டு வாரிய நீதிபதியிடம் போவது ஒன்று. எந்தப் பாதையில், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வீரர் தன் கணக்கில் நுழைந்து பார்க்கலாம். அங்கேயும் காத்திருப்பு நீளம், அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வரிசையில் நிற்கிறவனுக்கு வரிசை தெரிகிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாடு அரசிடம் கேட்பது ஒன்று. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வாரத்தில் ஒரு நாளாவது அப்பீல் மேஜை ஒன்று போடுங்கள். நிலையைப் பார்த்துத் தமிழில் சொல்ல, தேதியைக் குறித்துக்கொடுக்க, ரெக்கார்டு ஆபீஸுக்கு நினைவூட்டல் அனுப்ப, விவரம் தெரிந்த ஒரு முன்னாள் கிளார்க் போதும். நாங்களே ஆள் தருகிறோம். நல அலுவலர்களுக்கு இந்த அப்பீல் பக்கங்களைப் பார்க்கும் அனுமதியை மத்திய அரசு தர வேண்டும்.

ஒவ்வொரு ரெக்கார்டு ஆபீஸிலும் எத்தனை அப்பீல் 6 மாதத்துக்குள், எத்தனை 1 வருஷத்துக்கு மேல் என்ற கணக்கு மாதம்தோறும் வெளியாக வேண்டும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, எங்களுக்கும் சேர்த்து. எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது என்று சொல்லிக் காகிதக் கதவை அடைத்துவிடாதீர்கள். ஜவ்வாது மலையில் சிக்னல் கிடைக்காத ஊரில் இருக்கிறவர் கையால் எழுதிய அப்பீலும் அப்பீல்தான். அவருக்கு நிலை அறிவிப்பு தபாலில் போகட்டும்.

இந்தச் சாசனத்தோடு ஒரு பட்டியல் இணைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட முடிந்தவர்கள் போட்டிருக்கிறார்கள். கை நடுங்குகிறவர்கள் ரேகை வைத்திருக்கிறார்கள். பட்டியலில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் சர்வீஸ் நம்பர். இரண்டாவதில் அப்பீல் போட்ட தேதி. மூன்றாவது கட்டம், ‘இன்று எந்த மேஜையில்’ என்பது, காலியாக இருக்கிறது. அதை நீங்கள் நிரப்பி, 30 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள்.